கிடக்கும் மரப் பிரிவு

தையற்காரம்மாவுக்கு முதுகுவலி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. துணியைத் தரையில் விரித்து, முட்டி போட்டு, குனிந்து வெட்டி வெட்டி வந்த வலி. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. தைக்க மெஷின் இருந்தது, காஜா எடுக்க ஒரு முக்காலி இருந்தது, துணி வெட்ட மேஜைதான் இல்லை. கடைகளில் விற்கிற மேஜை எதுவும் ஐந்தடிக்கு மேல் போவதில்லை. இரண்டைச் சேர்த்துப் போட்டால் நடு இடுக்கில் கத்தரி தட்டும். தட்டினால் சட்டையின் தோள் கோணும். தோள் கோணினால் போடுகிறவர் முகமும் கோணும். எட்டடிக்கு ஒரே ஓட்டமாக ஓடுகிற பலகை வேண்டும் என்று அவள் சொல்லாத ஆள் கிடையாது.

ஆகவே, ஒரு நாள் மத்தியானக் காற்றில் கொல்லையிலிருந்த வாகை மரம் மின்கம்பியின் மேல் சாயப் போக, மின்வாரியத்துக்காரர்கள் வந்து அதை அடியோடு அறுத்துத் தள்ளியபோது, தெருவே "ஐயோ, நல்ல நிழலாச்சே" என்றது. தையற்காரம்மா மட்டும் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

மரம் விழுந்த இடத்தில்தான் சனி பிடித்தது. அது பின்பக்க மதிலுக்குக் குறுக்கே விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரருடைய தம்பி வீடு. மதில் இடிந்துவிடக் கூடாதே என்று மின்வாரியத்துக்காரர்கள் மரத்தை இரண்டாக வெட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடிமரம் பதினோரு அடி, இங்கே. மேல்மரம் எட்டடிக்குக் கொஞ்சம் கூட, அங்கே.

தம்பியின் மனைவியை, அதாவது தையற்காரம்மாவின் ஓரகத்தியை, குடும்பத்தில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். சின்னவளுக்கு எல்லாம் சட்டென்று நடக்கும். தண்ணீர்க் குழாய்க்குத் தையற்காரம்மா ஏழு மாதம் அலைந்தாள். சின்னவளுக்குக் குழாய்க்காரர்களே வந்து கதவைத் தட்டினார்கள். அவளைக் கண்டால் வரிசையே ஒதுங்கி வழிவிடுகிறது என்று தையற்காரம்மா வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அவ நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசுறா, அவ்வளவுதான்," என்பார் அவர். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சிரித்துப் பேசுவது இல்லை.

விழுந்த மரத்தைப் பலகையாக அறுக்க மர நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த மதில்தான் ஏழாம் வட்டத்துக்கும் எட்டாம் வட்டத்துக்கும் எல்லை. சின்னவள் காலை பத்து மணிக்கு ஏழாம் வட்ட அலுவலகத்துக்குப் போனாள். பதினொன்றரைக்குக் கையெழுத்தோடு வீடு திரும்பினாள். அதே நாள், அதே பத்து மணிக்கு எட்டாம் வட்ட அலுவலகத்துக்குப் போன தையற்காரம்மா, பதினொன்றரைக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தாள்.

எட்டாம் வட்ட அலுவலர் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் நான்கு நிறங்களில் நான்கு பேனா. அந்தக் கனத்தில் பை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. தையல் விடப்போகிறது என்று அவள் கண்ணுக்கு உடனே பட்டது. அவர் விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார், பிறகு கடைசியிலிருந்து மேலே படித்தார்.

"மரம் நிக்குதா, கிடக்குதாம்மா?"

"கிடக்குதுங்க."

"முழுசாவா?"

"அடிக்கட்டை மட்டும் ஒரு அடி உசரத்துக்கு மண்ணுல இருக்குங்க."

அலுவலர் பேனாவை மூடினார். "அப்ப நிக்குது."

"கட்டைதானே சார் நிக்குது? மரம் கிடக்குதே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நிக்கிறது நிற்கும் மரப் பிரிவு, மாடியில. கிடக்கிறது கிடக்கும் மரப் பிரிவு, இங்க. உங்க மரம் ரெண்டு பிரிவுலயும் காலை வெச்சிருக்கு. நிக்கிறதும் கிடக்கிறதும் ஒரே மரம்தான்னு முதல்ல உறவுமுறைச் சான்று வாங்கணும்."

"என் கண்ணு முன்னால அறுத்தாங்க சார்."

"நீங்க மனுதாரர். மனுதாரரே எப்படிம்மா சாட்சி சொல்ல முடியும்?"

"அந்த மரத்துக்கு வேற யாரு சார் இருக்கா?"

"அதைத்தான் விசாரிக்கணும்," என்றார் அவர், கனிவாகவே.

பத்தொன்பது நாள் கழித்து விசாரணைக்கு வந்தார்கள். மாடிப் பிரிவின் எழுத்தர் கட்டையின் வளையங்களை எண்ணினார். அலுவலர் மரத்தின் வளையங்களை எண்ணினார். எண்ணினது தவறக் கூடாதென்று வளையத்துக்கு ஒரு குண்டூசி குத்தியதில் தையற்காரம்மாவின் டப்பா காலி. கட்டைக்கு நாற்பத்துமூன்று வந்தது. மரத்துக்கு நாற்பத்திரண்டு.

"ஒரு வயசு குறையுதே," என்றார் எழுத்தர்.

"கட்டை மூத்ததா இருக்கு," என்றார் அலுவலர். "இது தம்பி மரமா இருக்க வாய்ப்பிருக்கும்மா. விசாரணை நீளும்."

தையற்காரம்மா அதுவரை பொறுத்திருந்தாள். "சார், மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்ததும் இதே மரம்தான். அதுக்கு யாரும் வயசு கேக்கலையே? ஏழாம் வட்டத்துல ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுட்டாங்களே?"

அலுவலரின் முகம் சட்டென்று கறுத்தது. "ஏழாம் வட்டமா," என்றார். நாற்பத்திரண்டாம் குண்டூசியைக் கட்டைவிரலால் இன்னும் ஆழமாக அமுக்கினார்.

விசாரணை முடியும்வரை மரம் வாரியத்தின் பொறுப்பில் இருக்கும் என்றும், அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு மனுதாரருடையது என்றும் ஒரு தாள் வந்தது. வாரியத்தின் உடைமை தனியார் மண்ணில் படக் கூடாது; எனவே செங்கல் அடுக்கி அதன் மேல் ஏற்ற வேண்டும். மரத்தில் எழுதப்போகும் எண்ணை வெயிலும் மழையும் அழித்துவிடும். எனவே தகரக் கூரை போட வேண்டும். இரண்டு முனையிலும் பெயிண்டால் எண் எழுத வேண்டும். வீட்டுக்காரர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர், அழகாக எழுதினார். அடுத்த மாதம் எண் மாறியது. பழைய எண் தெரியாதபடி முனை முழுவதும் பூசி, மேலே புது எண் எழுதச் சொன்னார்கள். அதற்கடுத்த மாதமும் மாறியது. இரண்டு முனையிலும் தோல் மாதிரி தடிமனாகப் பெயிண்ட் ஏறிவிட்டது.

இதற்குள் சின்னவள் வீட்டில் பலகை வந்து, தச்சர் வந்து, மேஜையும் வந்துவிட்டது.

எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். கூடத்தின் நடுவில் தேன் நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது மேஜை. வந்தவர்கள் எல்லாம் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். தையற்காரம்மாவும் தடவுகிற சாக்கில் சாண் போட்டாள். சரியாக எட்டடி. குறுக்கே ஒரு ஒட்டு இல்லை. என் கொல்லையில் நின்ற மரம், என் கொல்லைத் தண்ணீரைக் குடித்த மரம், அதன் தலை இங்கே வந்து பளபளக்கிறது என்று நினைத்தபோது வாயில் இருந்த தேநீர் கசந்தது. மேஜையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் டிவி ரிமோட்டும் இருந்தன.

"இவ்வளவு பெரிய மேஜை உனக்கு எதுக்கும்மா?"

"சும்மா கிடக்கட்டும்க்கா. கூடத்துக்கு எடுப்பா இருக்குல்ல?" என்றாள் சின்னவள். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான பிரியத்தோடு சொன்னாள்: "உங்களுக்கு முதுகு வலிக்குதுன்னு அவர் சொன்னார். பகல்ல வந்து இதுலயே துணி வெட்டிக்கோங்கக்கா. நான் ஒரு ஓரமா உக்காந்து டிவி பாத்துக்கிறேன்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் பதில் சொல்லிவிடலாம். நல்ல எண்ணத்துக்கு என்ன செய்வது? தையற்காரம்மா "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் தகரக் கூரைக்குக் கீழே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேசாம வண்டி வெச்சு மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்துடலாமா? யாருக்குத் தெரியப் போகுது?"

"அவளுக்குக் கையெழுத்துப் போட்ட மேஜை. எனக்கு மட்டும் திருட்டு மேஜையா?" என்றாள் அவள். "அவகிட்ட என்னென்ன இருக்கோ அது அத்தனையும் எனக்கு வேணும். கையெழுத்தும் சேர்த்து."

நான்காவது மாதம் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலில் ஆளில்லை, நேரே உள்ளே போய் அலுவலரின் மேஜை முன்னால் நின்றாள். அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பழைய கோப்பு ஒன்றை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்.

"ஏழாம் வட்டத்துல ஒன்றரை மணி நேரம், இங்க நாலு மாசம். என்ன சார் நியாயம்?"

அலுவலர் நான்கு பேனாவையும் எடுத்து வரிசையாக மேஜையில் வைத்தார். அவருக்குள் ஏதோ மடை உடைந்துவிட்டது.

"அம்மா, நானும் அந்த ஏழாம் வட்டத்து ஆளும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு ஜன்னலோரம் கொடுத்தாங்க. எனக்குக் கைகழுவுற குழாய் பக்கத்துல. அவர் கேட்ட உடனே கையெழுத்துப் போடுவார். எல்லாரும் 'ஆஹா, என்ன சுறுசுறுப்பு'ங்கிறாங்க. கையெழுத்துப் போட என்னம்மா வேணும்? ஒரு கையும் ஒரு பேனாவும் இருந்தா எவனும் போடுவான். போடாம இருக்கத்தான் சட்டம் தெரியணும்! பதினெட்டு வருஷத்துல நான் போடாத கையெழுத்து எத்தனைன்னு யாராவது எண்ணியிருக்காங்களா? போன மாசம் அவருக்குச் சுழல் நாற்காலி கொடுத்தாங்க. சுத்துது. நானே போய் உக்காந்து பாத்தேன், ரெண்டு பக்கமும் சுத்துது."

தையற்காரம்மா அவரை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். தேநீர் குடித்துவிட்டு வந்த அன்று தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த அதே கண்.

"சார், ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது," என்றாள். "ஏழாம் வட்டத்துக்காரர் நேத்து மதில் பக்கம் வந்தார். எங்க கொல்லையை எட்டிப் பாத்தார். 'இது இன்னுமா இப்படியே கிடக்கு? பாவம், அவரால முடியலை போல. நானே முடிச்சுத் தந்துடட்டுமா'ன்னு கேட்டார்."

பச்சைப் பொய். ஏழாம் வட்டத்துக்காரரை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

"பாவம்னா சொன்னார்?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னார் சார்."

அலுவலர் நான்கு நிறத்திலும் கையெழுத்துப் போட்டார். மரமும் கட்டையும் உடன்பிறப்புகளே என்று ஒன்று, அறுக்கலாம் என்று ஒன்று, கொண்டுபோகலாம் என்று ஒன்று, கொண்டுவரலாம் என்று ஒன்று. அவள் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தபோதுதான் சொன்னார்: "அறுக்கத்தான்மா அனுமதி. பயன்படுத்த அனுமதி தனி. அவர் சுறுசுறுப்புன்னா, நான் முழுமை. அதைக் காட்டணும்ல?"

மர மில்லில் ஒன்பது பலகை விழுந்தது. வீட்டுக்கு வந்த உடனே அடுத்த தாளும் வந்தது. பலகைகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் இரண்டு முகமும் எண்ணுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனவே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சம இடைவெளியில் குச்சி வைக்க வேண்டும். யாரும் உருவ முடியாதபடி மேலே சிமெண்டுக் கல் ஏற்ற வேண்டும். கயிறு கட்டி அரக்கு முத்திரை. பத்து மாதம், மாதம் ஒரு தடவை எண்ணிக்கை.

மாதம் தவறாமல் அலுவலர் வந்தார். ஒன்பது என்று எண்ணி எழுதினார். ஐந்தாவது மாதம் எட்டு வந்தது. வீடு முழுவதும் தேடினார்கள். பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார், ஒன்பது.

தையற்காரம்மா முட்டி போட்டுக் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டிவி பாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த எட்டடி மேஜையில் ரிமோட் சொகுசாகப் படுத்திருப்பது கண்ணில் வந்து நிற்கும். கத்தரி பிடித்த கை இறுகும். ஒரு வாரத்தில் மூன்று சட்டைக்குக் கழுத்து பெரிதாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் "படார்" என்று ஒரு சத்தம். யாரோ எதையோ போட்டு உடைத்த மாதிரி. மறு வாரம் இன்னொன்று. ஒரு மாதம் கழித்து சின்னவள் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"மேஜைக்கு ஒரு விரிப்பு தைக்கணும்க்கா. தரைவரைக்கும் தொங்குற மாதிரி."

"நல்லா பளபளன்னு இருந்துச்சே, எதுக்கு மூடுறே?"

"தூசி," என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அளவெடுக்கத் தையற்காரம்மா நேரிலேயே போனாள். மேஜை ஓடம் மாதிரி வளைந்திருந்தது. நடுவில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம், ஓரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு, ஒரு கால் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. பூச்சாடி சரிந்து சரிந்து நடுவுக்கு வந்து ரிமோட்டோடு முட்டிக்கொண்டிருந்தது. "பள்ளத்துக்குத் துணி கொஞ்சம் கூட விடணும்மா," என்று மட்டும் சொன்னாள் தையற்காரம்மா. அன்றைக்கு முழுக்க அவளுக்கு முதுகு வலிக்கவே இல்லை.

பத்து மாதம் முடிந்து முத்திரையை உடைத்தார்கள். தச்சர் வந்து முதல் பலகையைக் கையில் எடுத்தார், ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார், விரலால் தட்டினார், இன்னொன்றை எடுத்தார்.

"யாரும்மா இதைப் பக்குவம் பண்ணினது?"

"ஏங்க, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போச்சாவா! பச்சை மரத்தை அறுத்த கையோட மேஜை பண்ணினா அது காயக் காய முறுக்கிக்கும். இப்படிக் குச்சி வெச்சு அடுக்கி, பாரம் ஏத்தி, நிழல்ல மாசக்கணக்கா விட்டாத்தான் நேரா நிக்கும். அறுக்கிறதுக்கு முன்னாடியே முனையில பெயிண்ட் வேற அடிச்சிருக்கீங்க, அதான் வெடிப்பு ஓடலை. தொழில் தெரிஞ்ச ஆள் யாரோ கூடவே இருந்து செஞ்சிருக்கார்."

வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆமாங்க, பெரிய கை."

மேஜை வந்தது. எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், கண்ணாடி வைத்த மாதிரி சமம். தையற்காரம்மா நிமிர்ந்து நின்று ஒரு முழுத் துணியை விரித்து, கத்தரியை ஒரே இழுப்பில் ஓட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு மேஜைகளின் செய்தியும் வாரியத்துக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் ஒரு விழா. மேடையில் வாரியத் தலைவர் பேசினார்.

"நம் அலுவலகங்களைத் தாமதம் தாமதம் என்று தூற்றினார்கள். தாமதமா இது? பக்குவம்! எட்டாம் வட்டத்தில் ஒரு கோப்பு பதினான்கு மாதம் கனிந்திருக்கிறது. ஏழாம் வட்டத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பிடுங்கிய கையெழுத்து என்ன ஆயிற்று? ஓடம் ஆயிற்று! இன்று முதல் இரண்டு வட்டத்துக்கும் எட்டாம் வட்ட அலுவலரே பொறுப்பு. சுறுசுறுப்பான நண்பர் அவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெறுவார். இனி யாருக்கும் பத்து மாதத்துக்குக் குறைந்து அனுமதி கிடையாது என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்."

பிறகு பயனாளி பேச வேண்டும் என்று தையற்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். சட்டை அளவு வரையும் காகிதத்தின் பின்பக்கம், தான் அலைந்த அலைச்சலை ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தாள். மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தாள். கூட்டத்தின் பின்பக்கம் கையில் விண்ணப்பத்தோடு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். மரம் விழுந்து கூரை போனவர்கள், கதவுக்குப் பலகை இல்லாதவர்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். சொல்லும்மா, சொல்லு என்கிற பார்வை.

இரண்டாவது வரிசையில் சின்னவள் இருந்தாள். புதுப் புடவை, ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

தையற்காரம்மா காகிதத்தை மடித்தாள்.

"அவசரப்பட்டா பொருள் கோணிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "சில பேர் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்தாங்க. நான் ஆசைப்படலை. இந்த ஆபீஸ்ல நிதானமா செய்வாங்கன்னு நம்பித்தான் காத்திருந்தேன். எல்லாரும் என்னை மாதிரி பொறுமையா இருக்கணும்னு கேட்டுக்கிறேன்."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பின்பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கதவில்லாத வீட்டுக்காரர் ஒருவர் போகிறபோது திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சின்னவள் இன்னும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேஜை மேஜையாகத்தான் பயன்படுகிறது என்று எழுதிக் கொடுக்கும்படி கடிதம் வர, மறு வாரம் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் சுழல் நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் சின்னவள் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பக்கவாட்டில் நின்ற இன்னொரு மரத்தை வெட்டப் போகிறாளாம்.

"அக்காவுக்குப் பத்து மாசம் போட்டீங்கல்ல சார்? எனக்குப் பன்னிரண்டு போட்டுக் கொடுங்க."

"சட்டத்துல பத்துதாம்மா இருக்கு."

"நீங்க மனசு வெச்சா முடியாததா சார்? உங்களை விட்டா எனக்கு யாரு இழுத்தடிப்பாங்க?"

அலுவலர் வெட்கத்தோடு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். அரை மணிக்குள் சின்னவள் கையெழுத்தோடு வெளியே வந்தாள். "வரேன்க்கா," என்று பழைய சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போனாள்.

தையற்காரம்மா கொண்டுவந்த தாளைக் கசக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"எனக்கு மட்டும் ஏன் சார் பத்தே மாசத்துல கொடுத்தீங்க?"